உஷார்! விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடாதீர்கள்

டல்லாஸ் பக்கம் வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பையன் சனிக்கிழமை நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஒரு கைத்துப்பாக்கி, ஒரு பெட்டி தோட்டா, அரை மணி நேரச் சுடல். துப்பாக்கியோடு எடுத்த படம் அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடுகிறது. ‘மாஸ்டா தம்பி!’ என்கிறார் சித்தப்பா. பையன் எச்-1பி விசாவில் இருந்தால் அது மாஸ் படம் இல்லை, சாட்சியம்.

பலருக்கும் தெரியாத சட்டம் இது. அமெரிக்காவில் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். எச்-1பி, எச்-4, மாணவர்களின் எஃப்-1, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவின் பி-2, எல்லாமே இதில் அடக்கம். சொந்தமாக வாங்கினால்தான் தப்பு என்பதில்லை. ரேஞ்சில் பத்து நிமிஷம் கையில் பிடித்தாலும் ‘வைத்திருந்தது’தான். ‘டெக்சஸில் எல்லாரும்தானே வைத்திருக்கிறார்கள்’ என்ற வாதமும் எடுபடாது. மாநிலச் சட்டம் வேறு, ஃபெடரல் சட்டம் வேறு.

செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அது காலாவதியான மறுநாளே விலக்கும் போச்சு. கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. வரிசையில் காத்திருப்பதைக் கிரீன் கார்டாக நினைத்துக்கொள்ளாதீர்கள்!

தண்டனையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அதிகபட்சம் 10 ஆண்டு என்று இருந்ததை 2022-இல் 15 ஆக உயர்த்திவிட்டார்கள். முதல்முறை மாட்டுபவருக்கு அவ்வளவு விழாது என்பது உண்மைதான். ஆனால் ஃபெடரல் சிறையில் பரோலே கிடையாது. 1987 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழிப்பார்கள். தண்டனை முடிந்ததும் நேரே வீட்டுக்கும் போக முடியாது. குடியேற்றத் துறை நாடுகடத்தக் காத்திருக்கும்.

ஃப்ளோரிடாவில் ஐக்கிய அரபு அமீரகத்து மாணவர் ஒருவரைக் கல்லூரி நீக்கியது. அதோடு அவருடைய மாணவர் விசா தகுதியும் போனது. அதற்குப் பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறை! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். சட்டம் தெரியாது என்பது அங்கே தற்காப்பு ஆகாது. எச்-1பியில் இருப்பவர், ‘நான் விசாவில் இருப்பதே எனக்குத் தெரியாது’ என்றா சொல்ல முடியும்?

கிரீன் கார்டுக்காரர்களும் குடிமக்களும் சிரிக்க வேண்டாம். கணவன் மனைவி சண்டை போலீஸ் வரை போய், ‘சின்ன கேஸ்தானே’ என்று குடும்ப வன்முறைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி வந்திருந்தாலும் அதற்குப் பிறகு துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம். ஹண்டர் பைடன் 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பானதில் அந்தப் படிவமும் உண்டு. அவருக்கு அப்பா அப்போது ஜனாதிபதி, மன்னிப்பு கிடைத்தது. நமக்கு?

ஏற்கெனவே சுட்டுவிட்டவர்கள் பதறிப் போய் யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அதிகாரி கதவைத் தட்டினால், வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குடியேற்றச் சட்டமும் தெரிந்த வக்கீலாகப் பாருங்கள். குற்றவியல் வக்கீல் ‘லேசான தண்டனைதான்’ என்று வாங்கித் தரும் சமரசமே விசாவுக்கு உலை வைத்துவிடும்.

வருகிற சனிக்கிழமை யாராவது ரேஞ்சுக்குக் கூப்பிட்டால், பௌலிங் போகலாம் என்று சொல்லுங்கள்.