அறுத்த ஸ்பிரிங்கும் ஹூக் விதியும்

தாம்பரத்தில் என் தந்தையாரின் பட்டறைக்கு, அழகுக்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துத் தாழ்த்திய கார்கள் வருவதுண்டு. நாலு பேர் ஏறி, வேளச்சேரி சாலையில் ஒரு வேகத்தடையைத் தாண்டினால் 'டங்'கென்று அடி!

காரணம் நாம் படித்ததுதான். ஸ்பிரிங் தாங்கும் ஆற்றல், அது அமுங்கும் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமுங்க 10 செ.மீ. இருந்த இடம் 5 ஆனால், அதே அதிர்ச்சிக்கு 4 மடங்கு விறைப்பு வேண்டும். 8 சுற்றில் ஒன்றை அறுத்தால் கிடைப்பதோ 8/7 மடங்கே. நான்கு மடங்கு விறைப்பைப் போட்டாலோ, பயணியின் முதுகு போய்விடும்.

"ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்காதே, விறைப்பான புது ஸ்பிரிங் போடு, நைந்த பம்ப் ஸ்டாப் ரப்பரை மாற்று" என்பார் அப்பா. கணக்கிட்டேன்: அங்குலம் குறைந்தால் 16/9 மடங்கு விறைப்பே போதும். மிச்ச அடியை, அமுங்க அமுங்க இறுகும் அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. அப்பா பள்ளி வாசலை மிதித்தவரல்லர்.