ஊராட்சிக் கூட்டங்களில் விவாத ஒழுங்கும் சொந்த நலன் விதியும்

ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் ஒரு பொருளில் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தப் பண ஆதாயம் இருந்தால், அவர் அதைப் பற்றிப் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இதைத் தெளிவாகக் கூறுகிறது. சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் (1920) இதே கருத்துடைய விதி இருந்தது. நூறாண்டுப் பழமை இருந்தும் அதிகம் பேர் அறியாத விதி இது.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் பாகலூர் போன்ற ஊர்களில் இதன் தேவை நன்கு விளங்கும். ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. ஒருபுறம் ஓசூர் சிப்காட், மறுபுறம் பெங்களூரு. இடையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், இணைப்புச் சாலை ஆகியவை எந்தப் பக்கம் போகும் என்ற முடிவு, வீட்டுமனை போட்டவருக்கு வெறும் வசதியாக மட்டும் இருப்பதில்லை.

சட்டத்தில் 'பொதுமக்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது நீங்கலாக' என்னும் வரையறை உண்டு. ஊர் முழுவதற்கும் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி பற்றிய விவாதத்தில் எல்லா உறுப்பினரும் பேசலாம்; எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் ஓர் உறுப்பினர் பங்குதாரராக உள்ள மனைப்பிரிவுக்கு மட்டும் குழாய் நீட்டும் தீர்மானம் வந்தால் அவர் விலகி இருக்க வேண்டும். ஆதாயம் நேரடியாக இருந்தாலும் மறைமுகமாக இருந்தாலும், தமக்கு வந்தாலும் தம் தொழில் கூட்டாளிக்கு வந்தாலும் விதி ஒன்றே.

ஆதாயம் இருப்பதாகத் தலைவர் கருதினால் அந்த உறுப்பினரைப் பேசாமல் தடுக்கலாம். விவாதம் முடியும்வரை வெளியே இருக்கச் சொல்லலாம். உறுப்பினர் அதை மறுத்தால், தலைவர் அந்தக் கேள்வியைக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். கூட்டத்தின் முடிவே இறுதியானது. தலைவருக்கே ஆதாயம் இருப்பதாக ஓர் உறுப்பினர் கருதினால், அதற்கான தீர்மானம் நிறைவேறியபின் தலைவரும் எழுந்து போக வேண்டியதுதான். இவை தவிர, ஊராட்சியுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் உறுப்பினராக இருக்கவே தகுதி இழப்பார் என்பது தனி விதி.

விதியின் பலவீனமும் இங்கேதான். உறுப்பினர் தம் சொத்து, தொழில் விவரங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதித் தர வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்வதில்லை. யாராவது வாய் திறந்து கேட்டால்தான் விதிக்கு உயிர் வரும். உறவினரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மைத்துனர் பெயரில் வேலை எடுப்பவரை 'மறைமுக' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு இந்த இடத்தில் கூடுதல் கண்டிப்பு உடையது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு, அவருடைய உறவுமுறைகளையும் வரிசையாகக் கூறி விலக்கியது அது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, உறுப்பினர் பதவியேற்ற 28 நாட்களுக்குள் தம் பண நலன்களையும் வாழ்க்கைத் துணையின் நலன்களையும் பதிவு செய்ய வேண்டும்; தகுந்த காரணமின்றித் தவறுவது குற்றம்.

விலகி இருப்பது என்றால் எவ்வளவு விலகுவது? 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரைபக் வழக்கு இதற்கு நல்ல விடை. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கான தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி, தாமும் ஒரு விண்ணப்பதாரர். தம் பெயர் வந்தபோது அவர் குழுவில் அமரவில்லை. ஆனால் தம்முடன் போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது கலந்துகொண்டார். நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. ஊராட்சிக்கும் இது பொருந்தும்: தம் தெருவைப் பற்றிய பேச்சில் மட்டும் வெளியே போய்விட்டு, அதே நிதிக்குப் போட்டியிடும் அடுத்த தெருவை வேண்டாம் என்று வாக்களித்தால் அது விலகல் ஆகாது.

கிராம சபையின் நிலை வேறு. அங்கு வாக்காளர் அனைவரும் உறுப்பினர்; மேற்கண்ட பிரிவு பேசுவதோ மன்ற உறுப்பினரைப் பற்றி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் குறைவெண் நிறைவாகும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் ஓசூர் வட்டாரத்தில், தீர்மானத்தை எழுதியபடியே உரக்கப் படித்து, புரிந்ததா என்று கேட்டபின் கையெழுத்து வாங்குவது மற்ற இடங்களைவிட அவசியம்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மன்றம் இல்லாத காலத்தில், இவருக்கு இதில் ஆதாயம் உண்டு என்று எழுந்து சொல்ல ஓர் உறுப்பினரும் இல்லை, அதை வாக்கெடுப்புக்கு விடக் கூட்டமும் இல்லை. அந்தக் கேள்வியை ஊரார் எழுப்புவதற்கு மிஞ்சும் இடம் கிராம சபையே. கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.