கமான் பட்டை ஏன் வளைய வேண்டும்?

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் பழைய ஜீப்பு வைத்திருப்போர் உண்டு. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகள் இவை. காட்டுப் பாதையிலும், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலையிலும் பல ஆண்டுகள் ஓடியபின், வண்டியின் பின்புறம் தூக்கிப் போடத் தொடங்கும். "கமான் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகுமா? ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

ஒரே அளவுள்ள இரண்டு மெல்லிய மூங்கில் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, மறுமுனையை அழுத்திப் பிடித்து, நுனியில் சிறு எடையைத் தொங்கவிடுங்கள். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், தாழ்வு ஏறக்குறையப் பாதியாகும். இரண்டையும் நீளம் முழுவதும் மரப்பசையால் ஒட்டிக் காயவைத்தால், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்!

காரணம் என்ன? சட்டத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனம் இரு மடங்கானால் விறைப்பு 2×2×2, அதாவது 8 மடங்கு. ஒட்டாத பட்டைகளோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால், விறைப்பு 2 மடங்கோடு நின்றுவிடுகிறது.

பழைய ஜீப்பில் பசையின் வேலையைத் துருவும் சேறும் செய்கின்றன. பட்டைகள் வழுக்காமல் இறுகிவிட, சிறு குழியின் அதிர்ச்சிகூட அப்படியே மேலே வருகிறது. அந்நிலையில் இன்னொரு பட்டை சேர்த்தால் விறைப்பு மேலும் கூடும். பாரத்தால் 10 செ.மீ. தாழும் வில், நொடிக்கு ஏறக்குறைய 1.6 முறை அசையும், 2.5 செ.மீ. மட்டுமே தாழ்ந்தால் 3.2 முறை. சக்கரம் துள்ளித் தரையை விட்டு எழும் கணத்தில் பிரேக்குப் பிடிக்காது. வளைவில் இது உயிருக்கே ஆபத்து. மேலும், பட்டை கூடியதால் அச்சின் வலிமையோ பிரேக்கின் திறனோ கூடுவதில்லை.

ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. இதைப் பெரியவர்கள்தாம் செய்யவேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பட்டைகளைக் கிளாம்பால் இறுக்கிய பிறகே சென்டர் போல்ட்டைக் கழற்றவேண்டும். இல்லையேல் அவை தெறித்து விரியும். துருவைத் தேய்த்தெடுத்து, கிராபைட் கிரீஸ் தடவி, தேய்ந்த புஷ்களை மாற்றிப் பூட்டலாம். சிறிது தூரம் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கவேண்டும். பட்டைகள் நன்கு வழுக்கினால் துள்ளல் அடங்க நேரமாகும். எனவே ஷாக் அப்சார்பரும் நன்றாக இருக்கவேண்டும். விரிசல் கண்ட பட்டையை மாற்றுவதே முறை.

நின்றிருக்கும் லாரியின் கமான் பட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேல் பட்டை நீளமாகவும், கீழே போகப் போகக் குட்டையாகவும் இருக்கும். நடுவில் மட்டும் இத்தனை கனம் எதற்கு? உங்கள் மூங்கில் பட்டையை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். எங்கே முறிகிறது என்று கவனித்தால் விடை கிடைக்கும்.