பாத்ரூமில் எழுதிய நோட்ஸ்!

ஆபீஸில் ஒருத்தர் அடிக்கடி பாத்ரூம் பக்கம் ஒதுங்கினால், 'தம் அடிக்கப் போறார்' என்போம். சிகாகோவில் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த ஆசாமி ஒதுங்கியது எதற்குத் தெரியுமா? நோட்ஸ் எழுத!

பெயர் டிமோதி டயமண்ட். சமூகவியல் ஆராய்ச்சியாளர். முதியோர் இல்லத்து வாழ்க்கையை நாற்காலியில் உட்கார்ந்து எழுதக் கூடாது என்று, முறைப்படி பயிற்சி எடுத்து, நர்ஸிங் உதவியாளராகவே சேர்ந்துவிட்டார். பெட்பான் எடுப்பது, குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது... சகலமும் செய்தார். உடன் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிடைத்த துண்டுக் காகிதத்தில் யார் கண்ணிலும் படாமல் கிறுக்கி வைத்ததெல்லாம், 1992-ல் 'மேக்கிங் கிரே கோல்ட்' என்ற புத்தகமாயிற்று.

அப்படி என்ன பார்த்தார்?

ரத்த அழுத்தம், குளியல் எல்லாவற்றையும் சார்ட்டில் குறித்தாக வேண்டும். ஆனால், அழுகிற பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு சார்ட்டில் கட்டமே இல்லை! எழுதவில்லையென்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தம். 'பொம்பளைங்களுக்கு அதெல்லாம் இயல்பா வரும்' என்று சொல்லி, சம்பளக் கணக்கிலும் சேர்க்கப்படாத உழைப்பு அது.

இவ்வளவு அருமையான குறிப்புகளை மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். ஆனால், அது யார் சொத்து சார்? 'மருமக சரியில்லப்பா' என்று நம்பிச் சொன்னாரே, அந்தப் பாட்டியின் சொத்தும்தானே!

'பேரை மாத்திட்டா போச்சு' என்பீர்கள். நான்ஸி ஷெப்பர்-ஹியூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அதைத்தான் செய்தார். அயர்லாந்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்து, 'பாலிபிரான்' என்று பொய்ப் பெயர் வைத்து 1979-ல் புத்தகம் போட்டார். எந்த ஊர் என்று வெளியே தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கோ, எந்த வரி யாரைப் பற்றியது என்று படித்ததுமே புரிந்தது. 1999-ல் அம்மணி மறுபடி அங்கே போனபோது, 'கிளம்பும்மா' என்று அனுப்பிவிட்டார்கள். பொய்ப் பெயர் யாரையும் காப்பாற்றுவதில்லை என்று அவரே பிற்பாடு எழுதினார்.

ஒரு ஊருக்கே இந்தக் கதி. முப்பது பேர் இருக்கிற இல்லத்தில்? 'அங்கே உள்ள ஒரே ஆண் உதவியாளர்' என்று எழுதினால் போதும், பெயரே வேண்டாம். சூப்பர்வைசரைப் பற்றி முணுமுணுத்த ஆயாவுக்கு மறுநாள் வேலை இருக்காது.

சரி, அடையாளத்தையே மாற்றிவிடலாமா? ஊரை மாற்றலாம், வயதை மாற்றலாம். மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் தப்பில்லை. ஆனால் பெண்ணை ஆணாக்க முடியாது. ஓர் ஆண் தன்னைக் குளிப்பாட்ட வந்தபோது ஒரு பாட்டி கூசியதுதான் விஷயம் என்றால், அதை மாற்றியபின் மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் என்ன செய்யலாம்?

எழுதிக்கொள்ள ஒரு சம்மதம், பிறருக்குக் கொடுக்க இன்னொரு சம்மதம் - தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஞாபக மறதி உள்ளவர் நேற்று தலையாட்டியது இன்றைக்குச் செல்லாது. மறுபடி கேட்க வேண்டும்; முகத்தைத் திருப்பிக்கொண்டால் நோட்டை மூடிவிட வேண்டும். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டலாம். ரொம்ப அந்தரங்கமான பக்கங்களை ஆவணக் காப்பகத்தில் பூட்டி வைத்து, நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் காட்டலாம்.

'எதுக்கு வம்பு, கிழிச்சுப் போடு' என்பதும் ஒரு வழிதான். ஆனால், அதில் லாபம் யாருக்கு? மோசமாக நடத்தப்படுகிற இல்லத்துக்கும்தான்! ராத்திரி முழுக்கப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஆயாவின் உழைப்பு, சார்ட்டில் முன்பே விட்டுப்போனது. நோட்டையும் கிழித்துவிட்டால், ரெண்டாவது தடவையும் காணாமல் போகும்!