வெயிலை வீட்டுக்கு உழைக்க வைப்போம்



நெல் காய வைக்கவும் மிளகாயை வத்தலாக்கவும் நாம் காலங்காலமாக வெயிலைத்தான் நம்பியிருக்கிறோம். ஆகவே சூரிய சக்தி நமக்குப் புதுசு இல்லை. அதை மின்சாரமாக மாற்றி வீட்டுக்குப் பயன்படுத்துவதுதான் புதுசு.

போன கோடையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். "ஐயா, கடன் வாங்கி மாடியிலே சோலார் போட்டேன். ஊரிலே கரண்டு போனா என் வீட்டிலேயும் போயிடுது. ஏமாந்துட்டேன்" என்றார் ஒரு விவசாயி. உண்மையில் அவர் ஏமாறவில்லை. போடுவதற்கு முன் விவரத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சோலார் பலகையில் சிலிக்கன் சில்லுகள் இருக்கின்றன. வெயில் பட்டதும் அவற்றில் டி.சி. மின்சாரம் உண்டாகிறது. அதை இன்வெர்ட்டர் கருவி, வீட்டில் பயன்படும் ஏ.சி. மின்சாரமாக மாற்றுகிறது. நம் தேவைக்குப் போக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து நமக்கு வரும். இரண்டையும் ஒரே மீட்டர் கணக்கெடுக்கும்.

ஊரில் மின்சாரம் நின்றால் இந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். ஏன் தெரியுமா? கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிரைக் காப்பாற்றத்தான். நம் வீட்டு மின்சாரம் கம்பியில் பாய்ந்தால் அவர் கதி என்ன? மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால், பேட்டரியோடு கூடிய அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குச் செலவு கூடும். பேட்டரியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டியிருக்கும்.

அளவு எவ்வளவு? ஒரு கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். மழைக்காலத்தில் குறையும். முதலில் உங்கள் மின் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டணம் சொற்பமாக வந்தால் அவசரப்பட வேண்டாம்.

பலகை தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். தென்னை மட்டையின் நிழல்கூட விழக்கூடாது. வாய்க்காலில் ஓரிடத்தில் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிறதல்லவா? அதுபோல ஒரு பலகையில் விழும் நிழல், அந்த வரிசை முழுவதையும் மட்டுப்படுத்தக்கூடும். தூசி படிந்தால் காலையிலோ மாலையிலோ கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கூடாது, வெள்ளையாகப் படிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக் கூரை சோலார் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் நிர்ணயித்தார்கள். பணம் கட்டுமுன் இன்றைய நிலவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெந்நீர் மட்டும் போதும் என்கிறவர்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் இருக்கிறது. 100 லிட்டர் கலன் நான்கைந்து பேர் குளிக்கப் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானதாக இருந்தால் குழாயில் உப்பு படியும். அதையும் சொல்லி, ஏற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

விதை வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். இருபத்தைந்து வருஷம் உழைக்கப்போகிற பொருளுக்கும் அப்படியே விசாரியுங்கள்.