வலிக்காத காலுக்கு ஒரு வைத்தியர்

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டி முடிந்த வயலில் நடந்தால் அடிக்கட்டை ஈட்டிபோலக் குத்தும். யாராக இருந்தாலும் காலை உதறுவார்கள். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர் உதறாமலே போகலாம். நரம்பு மரத்துவிட்டால் குத்தியதே தெரியாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கும், பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய். இந்நோயால் காலை எடுக்க நேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது ஒரு சின்னப் புண். எனவே காலைக் காப்பாற்றும் வேலை கத்தி எடுப்பதற்கு வெகுமுன்பே தொடங்கியாக வேண்டும். பொடியாட்ரிஸ்ட் எனும் பாத மருத்துவர் செய்வது அதைத்தான்.

அவர் கருவிகள் எளியவை. ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை பட்டது தெரியாவிட்டால், காலைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். பிறகு நாடி பார்ப்பார். விரலிடுக்கைப் பிரித்துப் பார்ப்பார். தடித்த தோலைச் சீவுவார். சீவும்போது அடியில் பழுப்பாக ரத்தக்கசிவு தெரிந்தால் உள்ளே புண் உருவாகிறது. அதே தடிப்பை வீட்டில் பிளேடால் அறுப்பதும், கால் ஆணிக்கு விற்கும் ஆசிட் பிளாஸ்டரை ஒட்டுவதும் புண்ணை வரவழைக்கும் வேலை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அது நரம்புச் சேதத்தைத் தள்ளிப்போடும். மரத்துப்போன காலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தருவது அரிது. சரி, நம் ஊரில் பொடியாட்ரிஸ்டை எங்கே தேடுவது? நியாயமான கேள்வி, இந்தியா முழுக்கவே அவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்த வைத்தியத்தின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. சர்க்கரையைப் போலவே தொழுநோயும் காலை மரக்கச் செய்யும். 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமைதான் என்று கண்டார். தொழுநோயாளிகளுக்கெனப் பழக்கத்துக்கு வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு இன்று சர்க்கரை நோயாளிக்கும் தரப்படுகிறது. இவர்கள் யாரும் பொடியாட்ரிஸ்ட் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். தோலைச் சீவப் பயிற்சி பெற்ற கை வேண்டும். ஆனால் இழையை அழுத்திப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் போதும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.