போடச் சொல்பவர்கள் போட்டுப் பார்க்கட்டும்

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட் ஊருக்குள் போனால் சாபேகர் சௌக்கைத் தாண்டாமல் போக முடியாது. 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது வீடு வீடாகச் சோதனை போடப் பட்டாளத்தை இறக்கிய பிரிட்டிஷ் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். பூஜையறை வரை சிப்பாய்கள் நுழைந்ததில் மூண்ட கோபம் அது. அதே ஆண்டு மார்ச் 10 அன்று, அதே பிளேக்குக்குப் பெண் கல்வி முன்னோடி சாவித்ரிபாய் புலே பலியானார். நோய் கண்ட சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் சிகிச்சை முகாமுக்குப் போனபோது தொற்றிக்கொண்ட நோய். அன்றைக்கு அவருக்குக் கொடுக்க யாரிடமும் பாதுகாப்பு உடை இல்லை.

2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் புனேயில் உறுதிசெய்யப்பட்டார்கள். சில நாட்களிலேயே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கும் நோய் வந்தது. செப்டம்பரில் மாநில அரசு ‘மாஜே குடும்ப், மாஜி ஜபாப்தாரி’ (என் குடும்பம், என் பொறுப்பு) என்ற வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பைத் தொடங்கியது. மறுபடியும் ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆள் வந்தது. இந்த முறை வந்தவர்கள், கையில் வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் பிடித்த, ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணிப் பெண்களும் தன்னார்வலர்களும்.

இவர்களைப் பற்றியும், தெருவைச் சுத்தம் செய்பவர்களைப் பற்றியும் அதிகாரிகள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: “பாதுகாப்பு உடை கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள்.” படிப்பறிவு போதாது, பயம் இல்லை, அலட்சியம் என்று காரணமும் உடனே வந்துவிடும். இதை நான் ஏற்கவில்லை.

மறுத்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அதில் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, மெல்லிய துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தைக் கட்டச் சொன்னார். அவரைவிட மூத்தவரான மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவருக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளிடம் போனார். சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் கட்டினார்கள். படித்தவரின் மறுப்பை ‘கருத்து வேறுபாடு’ என்கிறோம். துப்புரவுப் பெண் மறுத்தால் ‘அறியாமை’ என்கிறோம்.

உடையின் கதைக்கு வருவோம். 2020 தொடக்கத்தில் இந்தியாவில் முழு உடல் கவச உடை தயாரிப்பு இல்லை என்றே சொல்லலாம். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. பிறகு கோவையின் சிட்ரா ஜவுளி ஆய்வுக்கூடம் துணிகளின் மேல் செயற்கை ரத்தத்தை அழுத்திச் சோதித்துச் சான்றிதழ் தந்தது. திருப்பூர் தையல் கூடங்களும் இறங்கின. மே மாதத்துக்குள் நாடு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் தயாரித்தது. பெருமைப்பட வேண்டிய வேலைதான்.

ஆனால் ரத்தம் உள்ளே புகாத துணியில் வியர்வையும் வெளியே போகாது. தையல் ஓட்டைகளின் மேலேயும் டேப் ஒட்டியிருக்கும். புனே வெயிலில் அதைப் போட்டுக்கொண்டால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது, மாதவிடாய் நாளில் துணி மாற்ற முடியாது. கழற்றும்போதுதான் தொற்று ஒட்டும் ஆபத்து அதிகம். அதற்கு நிழலான இடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். தெருவில் வேலை பார்ப்பவளுக்கு இரண்டும் எங்கே கிடைக்கும்? ‘கண்டா காடி’ என்று இங்கே அழைக்கும் மணியடிக்கும் குப்பை வண்டியில் போகிறவருக்குத் தரும் கையுறை, உடைந்த கண்ணாடியில் ஒரே நாளில் கிழியும். அடுத்த ஜோடி எப்போது என்று தெரியாதவர், முதல் ஜோடியை எடுத்து மடித்து வைக்கத்தான் செய்வார். பெரிய அளவுக் கையுறை துடைப்பத்தில் வழுக்கும். வேலை முடியாவிட்டால் திட்டு வாங்குவது அவர்தான்.

விதி என்ன சொன்னது? 2020 மார்ச் 24 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, களத்தில் இறங்கும் ஆஷாவுக்கு ஆபத்து குறைவு; மூன்றடுக்கு முகக்கவசமும் கையுறையும் ஒரு மீட்டர் இடைவெளியும் போதும். ஆறு மாதம் கழித்து அதே பெண்ணிடம் ஆக்சிமீட்டரைக் கொடுத்து, ஊரார் விரலில் மாட்டிப் பார்க்கச் சொன்னோம். ஒரு மீட்டர் தள்ளி நின்று அடுத்தவர் விரலில் எதை மாட்டுவது? கொரோனா வேலைக்காக மத்திய அரசு அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய்.

அளவான உடை, மாற்று ஜோடி, நடுவில் கழற்றி ஓய்வெடுக்க அரை மணி, நோய் வந்தால் பிடித்தம் இல்லாத விடுப்பு. இவை இருந்தும் ஒருவர் மறுத்தால் அப்போது அவரைக் குறை சொல்லலாம். அதுவரை குறை நம்முடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாநகராட்சிகளிடம் ஒன்று கேட்கிறேன், சிஞ்ச்வட்டானாலும் சென்னையானாலும். அடுத்த கொள்முதல் ஆணைக்கு முன் நான்கு ஆஷாக்களையும் குப்பை வண்டியில் போகும் இரண்டு பெண்களையும் கூப்பிடுங்கள். மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு ஒரு முழு ஷிப்ட் வேலை செய்யச் சொல்லுங்கள். நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடவே நடங்கள். அந்தப் பெண்கள் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.